முதல் வண்டியின் கன்னக்குழி

அன்று காலை பத்து மணிக்குச் ‘சிட்டு’ கார் கம்பெனியின் ஆலோசனை அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த விவகாரத்தில் நாற்காலிகள் உண்மையைச் சொன்ன அளவுக்கு மனிதர்கள் சொல்லவில்லை.

நீள மேஜையின் தலைமாட்டில், முதுகு உயர்ந்த நாற்காலியில் இளைய முதலாளி. வயது அறுபது. பெரிய முதலாளியான அப்பா கண்ணை மூடி இருபது வருஷமாகியும் மகனுக்கு அந்தப் பட்டம் கைமாறவில்லை. தலைமுடி மொத்தமும் நரைத்த பிறகும் இளையவர் இளையவர்தான். அவருக்கு வலது பக்கம் விளம்பர மேனேஜர். சட்டைப் பையில் மூன்று பேனா, வாயில் முப்பது. இடது பக்கம், அந்த அறையிலேயே மெத்தை வைத்த ஒரே விருந்தாளி நாற்காலியில், யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துவிட்ட ‘பிரேக்’. மேஜையின் கால்மாட்டில், அவருடைய அண்ணி சர்வேயரம்மா. கதவோரம், நாற்காலி போடத் தோன்றாததால் ஒரு முக்காலியில், காட்சிக்கூடக்காரர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இன்றைய தேதிக்குத் திருடன்.

பிரேக் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவசரத்துக்கு ஒரு காலால் தரையை அமுக்குகிற பழக்கம் வந்துவிட்டது. சினிமா தியேட்டரில்கூட அமுக்குவார். காட்சிக்கூடக்காரரின் மனைவி அவரிடம்தான் வண்டி பழகுகிறாள். முந்தாநாள் பாடத்தின் நடுவே அழுதுகொண்டே வேலியில் ஏற்றிவிட்டாள். வேலியை விட்டு வண்டியை இறக்குவதற்குள் முழுக்கதையும் வந்துவிட்டது. அன்று மாலையே பிரேக் அண்ணி வீட்டுக் கதவைத் தட்டினார்.

சர்வேயரம்மா இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். லாரி மோதியது என்று சத்தியம் செய்தவர்களிடம், “லாரி இல்ல, உங்க வீட்டு கேட்” என்று நசுங்கலைத் தடவியே சொன்னவர். ஓய்வுக்குப் பிறகு வண்டிகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்கிறார். தடவாமலே கண்டுபிடிக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

“விஷயம் ரொம்ப சுலபம்,” என்றார் விளம்பர மேனேஜர். “பெரிய முதலாளி தன் கையாலேயே போட்ட சிட்டுவோட முதல் படம். உலகத்துல ஒரே ஒரு காகிதம். செவ்வாய்க்கிழமை காலைல பார்த்தா கண்ணாடிப் பெட்டி காலி. பெட்டி சாவி இவர் இடுப்புல. இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?”

“சாவி ஒண்ணுதானா?” என்றார் சர்வேயரம்மா.

“இன்னொண்ணு ஐயாவோட பெட்டகத்துல இருக்கு. அதை விடுங்க.”

“விட்டுட்டேன். அப்புறம்?”

மேனேஜர் ஒரு தாளை மேஜைமேல் நகர்த்தினார். “பன்னிரண்டு மணி சங்கு ஊதறதுக்குள்ள இதுல கையெழுத்துப் போட்டுட்டா, விஷயம் இந்த நாலு சுவத்தோட போயிடும். தானாவே வேலையை விட்டு விலகுறதா எழுதியிருக்கு. ‘எடுத்தது நானே’ன்னு ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கோம்.”

“ஒரே ஒரு வரிதானா?” என்றார் பிரேக். “தூக்குல போடறதுக்கும் ஒரே ஒரு கயிறுதான் சார் வேணும்.”

காட்சிக்கூடக்காரர் முக்காலியில் அசைந்தார். “நான் எடுக்கலைம்மா. கையெழுத்துப் போட்டா வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஆனா எடுத்தேன்னு என் கையாலயே எப்படி எழுதுவேன்?”

“போலீசுக்கு ஏன் சொல்லல?” என்று சர்வேயரம்மா இளைய முதலாளியைப் பார்த்துக் கேட்டார்.

“இரக்கம்தான்,” என்றார் இளைய முதலாளி. குரல் சட்டைக் காலருக்குள்ளேயே நின்றுவிட்டது. “முப்பத்தொரு வருஷ மனுஷர்.”

“போன வருஷம் வாசல்ல ஒரு பூந்தொட்டி காணாம போச்சு,” என்றார் காட்சிக்கூடக்காரர், யாரையும் பார்க்காமல். “அதுக்கு மூணு போலீஸ்காரங்க வந்து என் பத்து விரல்லயும் மை தடவினாங்க. அப்ப எனக்கு முப்பது வருஷம் ஆகியிருந்துச்சு.”

அதைக் கேட்டதும் பிரேக்கின் கால் தன்னையறியாமல் தரையை அமுக்கியது. ஆனால் தரை கிடைக்கவில்லை. மெத்தென்று ஏதோ தோல் பை. அடுத்த கணமே அந்தப் பை தானாக நகர்ந்தது. மேஜைக்கடியில் இளைய முதலாளியின் செருப்புக்கால் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கோழி முட்டைமேல் உட்காருவதுபோல அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

பிரேக் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது அவருக்கு அபூர்வம் என்பதால் அண்ணி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார்.

“கூடத்தைப் பார்க்கலாமா?” என்று எழுந்தார்.

காட்சிக்கூடம் என்பது பழைய பெயின்ட் ஷெட். சுவருக்கு வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, சிட்டுவின் ஐம்பதாண்டு வரலாற்றை வரிசையாக மாட்டியிருந்தார்கள். வரலாறு எழுதியவர் விளம்பர மேனேஜர்தான் என்பது முதல் பலகையிலேயே தெரிந்துவிட்டது.

சிட்டுவின் கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு கயிறுதான் உண்டு. பலகை சொன்னது: ‘ஓட்டுநருக்கும் வாகனத்துக்கும் இடையிலான இயற்கையான பிணைப்பு.’

“கைப்பிடி செய்யறவர் ஆறு மாசம் இழுத்தடிச்சார்,” என்றார் காட்சிக்கூடக்காரர் மெதுவாக. “கேன்டீன் பின்னாடி துணி காயப்போட்ட கொடியை அறுத்துக் கட்டினாங்க. கைப்பிடி வந்து சேர்ந்தப்போ சனங்களுக்குக் கயிறு பழகிடுச்சு.”

அடுத்த பலகை வைப்பரைப் பற்றியது. சிட்டுவுக்கு ஒரே ஒரு வைப்பர். ‘பார்க்க வேண்டியவர் பார்த்தால் போதும்.’ அதற்கடுத்தது பெட்ரோல் முள் இல்லாதது பற்றி. டாங்கிக்குள் குச்சி விட்டு அளவு பார்க்க வேண்டும். ‘எரிபொருளோடு நேருக்கு நேர் உறவு.’

“நேருக்கு நேர்தான்,” என்றார் பிரேக். “எங்க அண்ணன் கல்யாணம் முடிஞ்சு அண்ணியைக் கூட்டிட்டு வந்ததே ஒரு சிட்டுலதான். பாதி வழியில குச்சியை விட்டுப் பார்த்தா, குச்சி மட்டும்தான் இருந்துச்சு. மீதி வழி தள்ளிக்கிட்டே வந்தாங்க.”

“தள்ளினது நான்,” என்றார் சர்வேயரம்மா. “உங்கண்ணன் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு வழி சொன்னார்.”

“இருந்தாலும் அந்த வண்டியை விக்க மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னது நீங்கதானே அண்ணி?”

“அது வேற விஷயம்.”

அது வேற விஷயம்தான். சிட்டுவைத் திட்டாத குடும்பமும் இல்லை, மறந்த குடும்பமும் இல்லை. நாலு பேர் உட்காரும் வண்டியில் ஏழு பேரும் ஒரு தையல் மிஷினும் போனார்கள். யார் முகத்தைப் பார்த்தாலும் வராத சிரிப்பு அதன் மூக்கைப் பார்த்தால் வரும். காரணம், பானட்டின் இடது பக்கத்தில் அரை எலுமிச்சை அளவுக்கு ஒரு குழி. கன்னக்குழி. கம்பெனி முத்திரையே அதுதான். புது வண்டி வாங்கியவர்கள் அதில் முத்தம் கொடுப்பார்கள்.

கூடத்தின் நடுவே, கயிறு கட்டிய மேடைமேல், பச்சை நிறத்தில் சிட்டு எண் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில் காலிக் கண்ணாடிப் பெட்டி. பின்சுவர் முழுக்க, காணாமற்போன படத்தின் புகைப்படம், ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கியது.

சர்வேயரம்மா படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை காலைல இது எப்படி இருந்துச்சு?”

“பூட்டித்தான் இருந்துச்சும்மா,” என்றார் காட்சிக்கூடக்காரர். “அதனாலதான் தூசி தட்டறவரைக்கும் எனக்கே தெரியல.”

“சரி.” அடுத்து கயிற்றைத் தாண்டி மேடையேறினார். ஒரு கையைக் கன்னக்குழிமேல் வைத்தார், மறு கையால் பானட்டைத் திறந்து அடிப்பக்கம் விட்டார். இரண்டு கைக்கும் நடுவே தகரத்தை வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கண்ணை மூடினார்.

“மேனேஜர் சார், இந்தக் குழி எப்படி வந்துச்சு?”

“பெரிய முதலாளி சின்ன வயசுல பார்த்த ஒரு சிரிப்பு...”

“சிரிப்பு தகரத்துல விழாது. இதை யார் அடிச்சது?”

மேனேஜரின் வாயிலிருந்த முப்பது பேனாவும் ஒரே நேரத்தில் காய்ந்தன.

“பிரஸ்ஸுல அழுத்தி வந்த குழின்னா உள்பக்கம் வழவழன்னு இருக்கும்,” என்றார் சர்வேயரம்மா. “இதுல சுத்தியல் முகம் ஏழெட்டு இடத்துல பதிஞ்சிருக்கு. ஓரத்துல மேடு பள்ளம் தெரியாம பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சிருக்கு. பட்டிக்கு அம்பது வயசு இல்ல, பத்துப் பன்னிரண்டு இருக்கலாம். இது பிறவிக் குழி இல்ல, வெச்ச குழி. முதல் சிட்டுவுக்குக் கன்னக்குழியே கிடையாது.”

“அது... ஒரு சின்னத் திருத்தம்,” என்றார் மேனேஜர். “பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கூடம் திறந்தப்போ ஐயா வீட்டு அலமாரியிலிருந்து இந்தப் படம் கிடைச்சது. படத்துல குழி இருக்கு, வண்டியில இல்ல. வர்றவங்க கேப்பாங்களே? படம் பெரிய முதலாளி கையால போட்டது. அப்போ தப்பு வண்டியிலதானே? டிங்கரைக் கூப்பிட்டு வண்டியைச் சரி பண்ணினோம்.”

பிரேக் மேடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். “அண்ணி, நான் முப்பது வருஷமா வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறேன். ரோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுவேன். ஸ்டியரிங்கைப் பார்த்து ரோட்டைத் திருப்பினவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

“நிஜமான குழி எப்ப வந்துச்சு?” சர்வேயரம்மா திரும்பியது காட்சிக்கூடக்காரரின் பக்கம்.

“முதல் வண்டி வந்து பதினோரு மாசம் கழிச்சும்மா. நான் முதல்ல பிரஸ் ஷாப்புலதான் சேர்ந்தேன். பழைய போர்மேன் சொல்லுவார். மேல தொங்கின சங்கிலியிலிருந்து ஒரு போல்ட் கழண்டு, பானட் தகரத்தை அழுத்தற அச்சுமேல விழுந்துச்சாம். அச்சுல ஒரு பள்ளம். புது அச்சு செய்ய நாலு மாசம் ஆகும். பெரிய முதலாளி வந்து பார்த்தார், தலையைச் சொறிஞ்சார், ‘அப்படியே அழுத்துங்கப்பா, யார் பார்க்கப் போறாங்க’ன்னார். எல்லாரும் பார்த்தாங்க. எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“யாரும் கேக்கலைம்மா. கூடத்துல என் வேலை தூசி தட்டறது.”

மேனேஜர் புகைப்படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் அவசரமாக ஒரு கூட்டல் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. “பதினோரு மாசம் கழிச்சா? ஆனா... படம் முதல் வண்டிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி போட்டதாச்சே!”

“யார் சொன்னது?”

“ஐயாதான். மேடைக்கு மேடை சொல்லியிருக்காரே. அப்பா பக்கத்துல நின்னு தன் கண்ணால பார்த்தேன்னு.”

கூடத்து வாசலில் செருப்புச் சத்தம். இளைய முதலாளி வந்துவிட்டிருந்தார். தோல் பையை, பள்ளிக்கூடம் போகிறவர்கள் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். “மணி பதினொன்றரை,” என்றார். “முடிஞ்சுதா?”

“முடியப் போகுது,” என்றார் சர்வேயரம்மா. “மேனேஜர் சார், இந்தப் படத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்.”

பழக்கதோஷம், மேனேஜருக்கு உயிர் திரும்பியது. ஒரு குச்சியை எடுத்துச் சுவரைக் காட்டினார். “மேல் மூலையில பாருங்க, கால்வாசி சூரியன். மோட்டார் யுகத்தின் விடியல். வண்டிக்கு ரெண்டே சக்கரம் தெரியுது. தேவையானதை மட்டும் காட்டும் சிக்கனம். ஓட்டுறவருக்குக் கை வரையல. அவ்வளவு சுலபமா ஓடும் வண்டிங்கற தொலைநோக்கு. பின்னாடி புகை சுருள் சுருளா...”

“அந்தக் கையெழுத்து?”

“பெரிய முதலாளியோடதுதான். மூணு நிபுணர்கள் சோதிச்சுச் சொல்லியிருக்காங்க. அசல்.”

“அசல்தான். நானும் ஒத்துக்கறேன். ஆனா வரைஞ்சவர் கையெழுத்துப் போடறதுன்னா படத்துக்குக் கீழே, ஓரமா, அழகா போடுவார். இவர் மேலே, வலது மூலையில, சூரியனை இடிச்சுக்கிட்டுச் சாய்வா போட்டிருக்கார். தேதி இருக்கு, மாசம் இருக்கு, வருஷம் இல்ல. சரித்திரத்துல இடம்பிடிக்கற காகிதத்துல யாராவது வருஷம் போடாம விடுவாங்களா? நாளைக்கும் இதே மாதிரி ஒண்ணுல போடணும்னு அலுத்துக்கிட்டுப் போடறவர்தான் விடுவார். இடது ஓரத்துல பாருங்க, ரெண்டு பின் துளை. நடுவுல பின் அடிச்ச நோட்டுலருந்து கிழிச்ச தாள்.”

பிரேக் எழுந்து நின்றார். “அண்ணி, என் பொண்ணோட வீட்டுப்பாட நோட்டுல நான் இப்படித்தான் போடுவேன். மேலே, மூலையில, அவசரமா. பெற்றோர் கையெழுத்து!”

சுவரிலிருந்த கால்வாசி சூரியன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

சர்வேயரம்மாவின் குரல் உயரவே இல்லை. “மேனேஜர் வண்டியைப் படத்துக்கு ஏத்த மாதிரி மாத்தினவர். அந்த அளவுக்குப் படத்தை நம்பினவர், அதைத் திருடமாட்டார். காட்சிக்கூடக்காரருக்குப் போல்ட் கதை தெரியும். அப்ப படம் பொய்னும் தெரிஞ்சிருக்கும். செல்லாத காகிதத்தை யாரும் திருடமாட்டாங்க. அப்புறம் அந்தப் பூட்டு. திருடறவன் எடுத்துக்கிட்டு ஓடுவான். எடுத்ததுக்கப்புறம் பெட்டியை மூடி, திரும்பப் பூட்டிட்டுப் போறவன் யார் தெரியுமா? வீட்டுக்காரன். பெட்டகத்துல இருந்த ரெண்டாவது சாவியைப் பத்தி யாரும் கேக்கல. முதலாளி தன்னோட பொருளைத் தானே திருடுவார்னு யாருக்கும் தோணாது. திங்கட்கிழமை என்ன நடந்துச்சு, மேனேஜர் சார்?”

“ஒண்ணும் இல்லையே. கடல் தாண்டி ஒரு மோட்டார் அருங்காட்சியகம். அதோட காப்பாளர்கிட்டேருந்து கடிதம் வந்துச்சு. பொன்விழாவுக்கு வர்றேன்னு. வரும்போது சட்டத்தைப் பிரிச்சு, படத்தோட ரெண்டு பக்கத்தையும்...” மேனேஜர் நிறுத்தினார். “ரெண்டு பக்கத்தையும்...”

“பின்பக்கத்துல என்ன இருக்கு ஐயா?” என்றார் சர்வேயரம்மா.

இளைய முதலாளி பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“அந்தப் பையைக் காலையிலேயே என் காலு கண்டுபிடிச்சிடுச்சு அண்ணி,” என்றார் பிரேக். “மூளைக்குத் தகவல் வர்றதுக்குத்தான் நேரமாயிடுச்சு.”

இளைய முதலாளி மெதுவாக மேடை விளிம்பில், பிரேக் எழுந்த இடத்தில், உட்கார்ந்தார். பையைத் திறந்தார். சட்டம் பிரித்திருந்தது. உள்ளே ஒரு பழுப்புத் தாள். திருப்பிக் காட்டினார்.

பின்பக்கம் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘3/10. கார் இப்படி இருக்காது. மீண்டும் வரைந்து பெற்றோர் கையொப்பத்துடன் கொண்டுவரவும்.’

“அஞ்சாவது படிச்சேன்,” என்றார். அறுபது வயசுக் குரல் பத்து வயசுக்கு இறங்கியிருந்தது. “எங்க வீட்டு வாசல்ல நின்ன சிட்டுவைப் பார்த்துத்தான் வரைஞ்சேன். திரும்ப வரையல. அதையே கொண்டுபோய் அப்பாகிட்ட நீட்டினேன். அப்பா போன்ல பேசிக்கிட்டே போட்டார். பின்பக்கம் பார்க்கல. முன்பக்கமும் பார்க்கல.”

“அப்புறம் எப்படி...” என்றார் மேனேஜர்.

“நீங்கதானே அலமாரியைக் குடைஞ்சு, நான் சட்டம் போட்டு வெச்சிருந்ததை எடுத்து, கையெழுத்தைப் பார்த்துட்டுக் கத்தினீங்க? ‘ஐயா, பெரிய முதலாளி வரைஞ்சது!’ன்னு. நாப்பது பேர் கைதட்டினாங்க. நான் இல்லைன்னு சொல்ல வாய் திறந்தேன். அதுக்குள்ள போட்டோ எடுத்துட்டாங்க.” அவர் தாளைத் தடவினார். “அப்பா பக்கத்துல நான் நின்னது நிஜம். மேடையில சொல்லச் சொல்ல, வரைஞ்ச பேனாவும் அப்பா கைக்குப் போயிடுச்சு.”

“எரிச்சிருக்கலாமே சார்,” என்றார் பிரேக். கிண்டல் இல்லாமல்தான் கேட்டார்.

“அப்பா எனக்குன்னு போட்ட கையெழுத்து இது ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் கம்பெனிக்குப் போட்டது.”

ஒரு நிமிஷம் எல்லாருக்குமே அவர்மேல் இரக்கம் வந்தது. முதலில் தெளிந்தவர் விளம்பர மேனேஜர். “ஐயா, இது இன்னும் பிரமாதம்! உலகின் மிக இளைய கார் வடிவமைப்பாளர்! பத்து வயசில் சிட்டுவைக் கனவு கண்ட...”

“சார்,” என்றார் பிரேக், “வண்டி அப்பவே ரோட்டுல ஓடிக்கிட்டிருந்துச்சு. கனவு காண அவர் தூங்கக்கூட வேண்டியதில்ல, ஜன்னலைத் திறந்தா போதும். அந்த வாத்தியாரும் பாவம், நல்ல கார் எதையோ பார்த்துப் பழகினவர் போல.”

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது காட்சிக்கூடக்காரரை. அந்த மனிதர் படத்தையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து, விலகல் தாளில் கையெழுத்துப் போடக் கொண்டுவந்த பேனாவை எடுத்து, மூடியை இன்னும் இறுக்கித் திருகிக்கொண்டிருந்தார்.

“நான் எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியாதே ஐயா,” என்றார் அவர். “நான் எடுக்கலைன்னுதானே உங்களுக்குத் தெரியும்.”

இளைய முதலாளி தலை குனிந்தார். “போலீஸ் வேண்டாம்னு சொன்னேன். ஏதாவது பண்ணி முடிச்சிடுங்கன்னு மேனேஜர்கிட்ட சொன்னேன். உங்க பேர்ல முடிப்பாங்கன்னு... நினைக்கல. நினைக்கப் பயந்தேன். மன்னிச்சிடுங்க. அந்தத் தாளை இப்பவே கிழிச்சிடறேன். நாளைலேருந்து நீங்க வழக்கம்போல...”

பன்னிரண்டு மணி சங்கு ஊதியது. பேச்சு அதில் முழுகிப்போனது. ஊதி ஓய்ந்ததும் காட்சிக்கூடக்காரர் கேட்டார்: “அந்தக் கடல் தாண்டின காப்பாளருக்குப் படம் காணோம்னு எழுதிட்டீங்களா?”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “புதன்கிழமையே. எழுதாம எப்படி? கூடத்து ஊழியர் திருடிட்டார்னு... உங்க பேரும் போட்டு.”

“அதான் ஐயா. வேலை இருக்குன்னீங்க, சரி. இங்க இருக்கறவங்ககிட்ட நானே சொல்லிக்குவேன், என் முகத்தைப் பார்த்தா நம்புவாங்க. ஆனா அங்க ஒருத்தர் என்னைப் பார்த்ததே இல்ல. பார்க்கப்போறதும் இல்ல. அவர் இப்ப என்னைத் திருடன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியா காபி குடிச்சிட்டிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கல.”

எல்லாரும் ஆலோசனை அறைக்குத் திரும்பினார்கள். இம்முறை முக்காலி காலியாகவே இருந்தது. சர்வேயரம்மா தன் நாற்காலியைக் காட்சிக்கூடக்காரருக்குத் தள்ளிவிட்டு நின்றுகொண்டார். இளைய முதலாளி வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். வாசித்தும் காட்டினார்: “‘தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்களால், மேற்படி படம் தற்காலிகமாக இடம் மாறியிருந்தது என்பதை...’”

“படம் எங்கயும் நடந்து போகல ஐயா,” என்றார் காட்சிக்கூடக்காரர். “நீங்க எடுத்தீங்க.”

தாள் கசங்கியது. இரண்டாவதில் மேனேஜரின் கைவண்ணம் இருந்தது: ‘ஒரு இனிய தவறான புரிதல்’. பிரேக்கின் கால் தரையை ஓங்கி அமுக்கியது. அதுவும் கசங்கியது. மூன்றாவதில் மன்னிப்பு ஒன்பது வரி, செய்தி அரை வரி.

“இங்க பாருங்க,” என்றார் சர்வேயரம்மா. “நான் விபத்து அறிக்கை எழுதறப்போ நாலே விஷயம்தான் எழுதுவேன். யார், எதை, எங்கிருந்து, எதுக்காக. அதுக்கு மேல எழுதறதெல்லாம் பெயின்ட்.”

நாலாவது தாளை இளைய முதலாளி நிதானமாக எழுதினார். அடித்தல் இல்லை.

‘ஐயா, படத்தை எடுத்தது நான். கண்ணாடிப் பெட்டியிலிருந்து என் சாவியால் திறந்து எடுத்தேன். அதை என் அப்பா வரையவில்லை. பத்து வயதில் நான் வரைந்தேன். அது தெரிந்துவிடும் என்று பயந்து எடுத்தேன். எங்கள் காட்சிக்கூடக்காரர் எதையும் எடுக்கவில்லை. அவர் பெயரை உங்களுக்கு எழுதியது எங்கள் தவறு. நீங்கள் வரும்போது படத்தின் இரண்டு பக்கங்களையும் அவரே உங்களுக்குக் காட்டுவார். சிட்டுவின் குழி எப்படி வந்தது என்பதையும் அவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.’

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சர்வேயரம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

காட்சிக்கூடக்காரர் கடிதத்தை வாங்கி, உதடு அசைய, முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை படித்தார். மூன்றாக மடித்தார். உறையில் போட்டார். நாக்கால் நனைக்கப் போன முதலாளியைத் தடுத்து, பசைக்குப்பியை எடுத்துத் தானே தடவினார். ஓரத்திலிருந்து ஓரம்வரை கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினார்.

தபால் அறை மாடிப்படிக்குக் கீழே. மத்தியான வண்டிக்குப் பை கட்டிக்கொண்டிருந்த குமாஸ்தா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அனுப்புநர்னு யாரைப் போட? உங்க பேரா?” என்று பேனாவை எடுத்தார்.

“முதலாளின்னே போடுங்க,” என்றார் காட்சிக்கூடக்காரர். “எழுதினது அவர். நான் ஒட்டினது மட்டும்தான்.”

குமாஸ்தா எழுதினார், முத்திரை குத்தினார், பைக்குள் போட்டுக் கயிற்றை இறுக்கினார். வண்டி தெருமுனை திரும்பும்வரை காட்சிக்கூடக்காரர் வாசலில் நின்று பார்த்தார். பிறகு தூசித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தைத் திறக்கப் போனார்.